இலையில்லாதது

ஒஹியாவுக்கு மேலே, காட்டோரக் காணில்
மண்வெட்டி நழுவிய இடத்தில்
சிவப்பாக ஒரு முண்டு.
காளான் என்றான் பரமகுரு.
மிதிவெடி என்றான் ஜெபநேசன்,
வவுனியாவில் கொத்து வேலை பார்த்து வந்தவன்;
சொன்னதோடு ஓடவும் ஓடினான்
நாலு தேயிலை நிரை தூரம்.

குந்தி உட்கார்ந்து விரலால் தோண்டினேன்.
தண்டுக்குக் கீழே கரட்டுக் கிழங்காய் ஒரு திரள்.
அது பக்கத்து மரத்தின் வேரைக்
கவ்விக் கிடந்தது,
கண் திறக்காத குட்டி மடியைக் கவ்வுவதுபோல.
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
இலை இல்லை.
பேருக்குக்கூட ஒன்று இல்லை.

பதினெட்டுக் கிலோ எடுக்காவிட்டால்
அரைப்பேர் விழுகிற மலையில்
இது எந்தப் பெரட்டில் நின்று
பேர் வாங்குகிறது?
தராசில் தொங்கவிட்டால்
கணக்கப்பிள்ளை என்னவென்று எழுதுவார்?

நுனியில் எறும்பு மொய்த்திருந்தது.
எறும்புக்கு ஆகும் என்றால் எனக்கும் ஆகும்.
நகத்தளவு கிள்ளி நாக்கில் வைத்தேன்.
மண்.
அப்புறம் கசப்பு.
அப்புறம், எங்கிருந்தோ,
ஆறிப்போன சீனித்தண்ணி.

பயம் தெளிந்து வந்த ஜெபநேசன் சொன்னான்:
"அடுத்தவன் வேரில் உறிஞ்சுதா?
அப்போ தொரைமார் சாதி."
நான் சிரித்தேன். பரமகுரு சிரிக்கவில்லை.
"டவுன் கடையில ஒருத்தன்
என்னையத்தான் ஒட்டுண்ணின்னான்.
கடன்கூடக் கேக்கல.
நெருப்புப்பெட்டி வாங்கப் போனேன்."

காண் நேராகப் போகவேண்டும்.
கயிறு அதன் தலைமேல்தான் ஓடியது.
மண்ணை மூடிவிட்டு
முளையைப் பிடுங்கி ஒரு முழம் தள்ளி அடித்தேன்.

சாயந்தரம் கங்காணி வந்து நின்றார்.
இங்கே மட்டும் என்ன வளைவு?

கல்லு, என்றேன்.