ஏழாயிரத்துக்கு மேல்

டர்போ கிடையாது.
காற்றைப் பிடித்துத் திணிக்க ஆள் இல்லை.
எண்ணூர்ச் சாம்பலும் மணலி வாடையும் கலந்து
வானம் எதைத் தருகிறதோ
அதைத் தன் மூச்சில் தானே இழுத்து ஓடும்
என் ஆயிரத்து ஐந்நூறு சிசி.

பிறந்தபோது நூறு குதிரை.
என்னிடம் வந்தபோது எண்பத்தெட்டு என்றது டைனோ.
"மீதி எங்க போச்சுன்னு கேக்காத" என்றான் ஜபருல்லா.
"உனுக்கும் எனுக்கும் எங்க போச்சோ, அங்கதான்."

கல்மண்டபத்துக்குப் பின்னால் அவன் ஷெட்.
கேம் மாற்றினோம்.
ஹெட்டை அரை மில்லி சீவினோம்.
காற்று நுழையும் வழியின் உள்சுவரை
நான்கு இரவு எமரித் தாளால் தேய்த்தேன்.
ரேகை அழிந்த கட்டைவிரலை
துறைமுக கேட் மிஷின்
யாரோ என்று திருப்பி அனுப்பியது.
கிரேன் ஏறாமல் அரைநாள் சம்பளம் போனது.
கவலையில்லை.
நூற்றுப் பதினாறு!

ஏழாயிரத்துக்கு மேல் அது போடும் சத்தத்தை
எழுத்தில் வைக்க முடியவில்லை.
மீஞ்சூர் தாண்டி, ஆளில்லாத சாலையில்
இரண்டு முறை கேட்டேன்.
இரண்டு முறைதான்.

மற்றபடி என் வாழ்க்கை முழுக்க
இரண்டாயிரத்துக்குக் கீழே இருந்தது.
விடியற்காலை மூன்று மணி,
நான்கு ஐஸ் பெட்டி, சகாயராணி,
காசிமேட்டு வாசலில் ஊர்ந்துபோகும் வரிசை.
பெரிய கேம் ஐடிலில் திக்கும்.
திக்கித் திக்கி அணையும்.
பின்னால் குட்டியானைக்காரன் ஹாரனை அழுத்தியபடி,
"ரேஸ் வண்டில வஞ்சரம் போவுது பாரு."
சகாயராணி ஒன்றும் சொல்லவில்லை.
பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சீட்டில் இறங்குவதை
கடிகாரம் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

குளிர்ந்த காற்று அடர்த்தி,
அடர்த்தி என்றால் இன்னும் மூன்று குதிரை.
அந்த மூன்றையும் சேர்த்துத்தான் நூற்றுப் பதினாறு.
அதற்காக ஃபில்டரை பம்பருக்குப் பின்னால்
முழங்காலுக்கும் கீழே இறக்கியிருந்தேன்.
ஜபருல்லா அன்று கேட்டது ஒன்றுதான்:
"நீ எந்த ஊர்ல இருக்கே?"
சிரித்தேன்.

ஐப்பசி. கணேசபுரம் சப்வே.
இரண்டு சாண் தண்ணீர்,
முன்னால் போன ஆட்டோ தாண்டிவிட்டது.
காற்றை அமுக்கலாம்.
பெட்ரோலை மிரட்டி முன்கூட்டியே வெடிக்க வைக்கலாம்.
தண்ணீர் அமுங்காது.
ஒரே ஒரு 'டக்'.
அப்புறம் மழை மட்டும் கேட்டது.

மூன்றாம் சிலிண்டரின் ராடு
பழைய கரண்டிக் காம்புபோல் வளைந்திருந்தது.
அன்று வஞ்சரம் ஆட்டோவில் போனது.
முந்நூற்றைம்பது ரூபாய்;
புரசைவாக்கம் மெஸ்காரர் பாதிப் பெட்டியைத் திருப்பிவிட்டார்.
ஜபருல்லா ராடை மேஜைமேல் வைத்துவிட்டு
டீ சொல்லப் போனான்.
அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்டிருக்கலாம்.

பிறகு சிகரெட் அட்டையின் பின்னால்
குதிரைகளைக் கழிக்க உட்கார்ந்தோம்.
ஃபில்டர் மேலே ஏறட்டும், மூன்று போச்சு.
சின்ன கேம், ஆறு.
பங்க்குக்குப் பங்க்கு மாறும் பெட்ரோலுக்கு
டைமிங் இரண்டு டிகிரி பின்னால், இன்னொரு இரண்டு.
நான் தேய்த்த உள்சுவரை மட்டும்
யாராலும் திருப்பி எடுக்க முடியாது.
நூற்று ஐந்து.
ஆயிலை ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை
அம்மன் கூழ்போல் தவறாமல் ஊற்று என்றான்.

லிமிட்டரை ஏழாயிரத்து இருநூறில் வை என்றேன்.
ஆறாயிரத்து எண்ணூறில் வைத்தான்.
"மீதி நானூறு?"
"என்னாண்ட இருக்கு."

இப்போது வாசலில் அணைவதில்லை.
குட்டியானைக்காரன் கூட வேறு யாரையோ கிண்டல் செய்கிறான்.
ஒன்றரை வருடம், ஒரு கேஸ்கட்கூட மாற்றவில்லை.

நேற்று பெட்டிகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது
எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி ஒன்றுகூட இல்லை.
அதிசயம்.
ஒரு பக்கம் கடல், இன்னும் இருட்டு.
மீன் செதில் ஒட்டிய கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி
சகாயராணி சொன்னாள்:
"கொஞ்சம் மிதி."

மிதித்தேன்.
ஐந்து. ஆறு. அந்தச் சத்தம் தொடங்குகிற இடம்.
முள் எகிறி,
ஆறாயிரத்து எண்ணூறில்
யாரோ சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல் நின்றது.

கையை உள்ளே எடுத்துக்கொண்டு
என் பக்கம் திரும்பினாள்.
"அவ்ளோதானா?"