இருப்புப் பதிவேடு

கெம்பன்கொட்டாய்க்கு ஒரே பஸ்.
விடியுமுன்பே அது ஓசூர் கம்பெனிக்குப்
பெண்களை ஏற்றிப் போய்விடும்.
பாலக்கோட்டில் தக்காளி இறக்கிவிட்டு
வெறும் கூடைகளோடு திரும்பிய வண்டியில் வந்தேன்.
வட்டாரக் கல்வி அலுவலக முத்திரை,
மூன்று கார்பன் தாள், ஒரு பூட்டு.
பள்ளியை மூட இவ்வளவு போதும்.

மேசை இரண்டு. ஒன்றுக்குக் கால் மூன்று.
உலக உருண்டை ஒன்று, ஆப்பிரிக்காவில் பொத்தல்.
மணிக்கு ஒரு தண்டவாளத் துண்டு;
அடிக்கிற கம்பியைக் காணோம்.
"அது எங்க வூட்ல இருக்குது சார்,
ஆடு கட்ட முளையா அடிச்சிட்டேன்.
புடுங்கியாரட்டா?"
சத்துணவுச் சாக்கம்மா கேட்டாள்.
வேண்டாம் என்றேன்.
'தேய்மானம்' என்று எழுதினேன்.

வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரே பெயர்:
மு. தேஜஸ்வினி, மூன்றாம் வகுப்பு.
அந்த ஒரு பெயரை நாள்தோறும் கூப்பிட்டிருக்கிறார்
இரஞ்சிதம் டீச்சர்.
அவளுக்கு அம்மை போட்ட பதினொரு நாளும்
பள்ளி திறந்திருந்தது.
பதிவு ஒன்று, வருகை பூஜ்ஜியம்
என்று பலகையில் எழுதி
மாலையில் அழித்திருக்கிறார்.
பிறகு அவள் அப்பனுக்குப் பெங்களூரில் வாட்ச்மேன் வேலை.
பன்னிரண்டு மாடிக்கும் கீழே
கார் நிற்கிற இடத்தில் குடித்தனம்.
"இங்க எழுத்தெல்லாம் வட்டமா இருக்குது டீச்சர்"
என்று போனில் சொன்னாளாம்.

கட்டடம் இனிப் பால் சொசைட்டிக்கு.
கேன் வண்டி ஏற வழி வேண்டுமென்று
போன வாரம் வாசல்படியை நெம்பியிருக்கிறார்கள்.
கல் புரண்டது.
அடிப்பக்கத்தில் ஓர் ஆள்.

ஊன்றிய வில். மார்பில் இரண்டு அம்பு.
காலடியில் மூன்று மாடுகள்,
ஒன்று மட்டும் திரும்பிப் பார்க்கிறது.
தலைக்குமேல் நாலு வரி, கோழி சீய்த்ததுபோல்.
தருமபுரிக் கல்லூரிப் பையன் ஒருவன்
ஈரத்துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து
ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி
எழுத்துக் கூட்டினானாம்:
விண்ணன்... தொறு... மீட்டுப்... பட்டான்... கல்.
தொறுன்னா மாட்டு மந்தை,
பட்டான்னா செத்தான்,
சாக்கம்மா எனக்குச் சொல்லித் தந்தாள்.

அறுபது வருஷம் இவன் முதுகில் ஏறித்தான்
இந்த ஊர் 'அ' எழுதப் போயிருக்கிறது.
முதுகு எண்ணெய் தடவியதுபோல் தேய்ந்திருக்கிறது.
முகம் மண்ணுக்குள் இருந்ததால்
மூக்குக்கூட உடையவில்லை.
"வெளிய நின்னிருந்தா என்னைக்கோ லாரி ஏறியிருப்பான்"
என்றான் மாதேஷ், குவாரியில்
கல்லுக்கு நம்பர் போடுகிறவன்.
இங்கே ஐந்தாவது வரை படித்தவன்.

யாரோ மஞ்சள் பூசினார்கள்.
மியூசியத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றார்கள் சிலர்.
"கேன் கழுவ நல்ல கல்லு"
என்று சொசைட்டி சென்னப்பன் சொன்னபோது
ஒருவரும் சிரிக்கவில்லை.
கொடிக்கம்பம் சாய்ந்த குழியிலேயே நட்டார்கள்,
முகம் ரோட்டைப் பார்த்து.
எட்டு மணிக்கு மஞ்சள் வேன் அவனைத் தாண்டிப் போகிறது,
உள்ளே பதினேழு பிள்ளைகள்.

பக்கத்தில் ஒரு கழிவுக் கிரானைட் துண்டைச் சாத்தி
குவாரிச் சிவப்புப் பெயிண்டில் மாதேஷ் எழுதினான்:
கெம்பன்கொட்டாய்த் தொடக்கப்பள்ளி
பிள்ளைகளை மீட்டுப் பட்டது.
மே மாத வெயிலில் பதினேழு வீட்டுக்கும்
படியேறி இறங்கிய டீச்சர்
நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"மீட்டு இல்ல மாதேஷ். அழிச்சிடு."
மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தான்.
'பிள்ளைகளை'க்கும் 'பட்டது'க்கும் நடுவே
ஒரு சிவப்புத் தீற்றல், அது போகவில்லை.

பொழுது சாய்ந்தது. பூட்டிவிட்டேன்.
மரம், இரும்பு, காகிதம், பாத்திரம்
எதிலும் சேராமல் ஒன்று பாக்கி.
கடைசி வரியில் எழுதினேன்:
வாசல்படிக் கல், ஒன்று.
நிலை என்ற கட்டத்தில்
நன்று என்றோ பழுது என்றோதான் வரவேண்டும்.
தணிக்கையில் கேட்பார்கள், தெரியும்.
மூன்று கார்பனிலும் பதிய
அழுத்தி எழுதினேன்:
நிற்கிறான்.