சாட்சிப்பொருள்

நாலாயிரத்து முந்நூறு மீட்டர்.
மரம் என்று எதுவும் இங்கே கிடையாது.
சிம்போரசோவின் மேற்குச் சரிவில்
எரிமலை மணலைக் காற்று
நாளெல்லாம் இடம் மாற்றி வைக்கும்.
இடையிடையே, இடுப்பளவுக்கு,
சுக்கிராகுவா.

இலையா அது?
தோலை ஓடுபோல் அடுக்கி
நுனிக்கு நுனி முள் வைத்திருக்கிறது.
உச்சியில் மட்டும் ஆரஞ்சுப் பூ,
காற்றுக்கு மறைத்த கைக்குள்
யாரோ கிழித்த தீக்குச்சி.

நான் பைரன் பில்லமுங்கா, காப்புக்காட்டுக் காவலன்.
காடே இல்லாத காப்புக்காடு.
சம்பளம் தாமதமாக வரும்.

செவ்வாய்க்கிழமை, பனிமூட்டத்தில்,
ஸொய்லா குவாமானைப் பிடித்தேன்.
அரிவாள் ஒன்று, கட்டு மூன்று.
பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவள்.
ரியோபம்பா சந்தையில்
காய்ச்சலுக்கும் ஈரலுக்கும் கஷாயக் கட்டு விற்கிறாள்.
"உன் பெண்டாட்டியும் என்னிடம்தான் வாங்குகிறாள்" என்றாள்.
படிவத்தில் அதை எழுத இடமில்லை.

காவல் குடில். மேசை. கார்பன் தாள்.
'சாட்சிப்பொருள்: பூத்த கிளைகள், நூற்றுப் பதினேழு.'
எண்ணும்போது விரலில் இரண்டு முறை குத்தியது.
ஜன்னலைச் சாத்த மறந்திருந்தேன்.

அப்போதுதான் அவன் வந்தான்.
ஊதாத் தலை, வெள்ளை மார்பு,
சட்டைப் பையில் போட்டால் கனமே தெரியாத உடம்பு.
இந்த உயரத்தில்
அந்தரத்தில் நின்று சிறகடிப்பது கட்டுப்படியாகாது;
எங்கள் ரீங்காரச்சிட்டு
காலை ஊன்றித்தான் குடிக்கும்.
வழக்கு எண்ணுக்குப் பக்கத்தில்
கட்டின்மேல் உட்கார்ந்து
ஒவ்வொரு பூவாக ஆரம்பித்தான்.
இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.
இங்கே அது லேசான காரியமில்லை.

"அவனுக்கும் ரசீது போடு" என்றாள் ஸொய்லா.

நான் சிரிக்கவில்லை.
இரவில் அவன் போகும் இடம் எனக்குத் தெரியும்.
பாறைப் பிளவுக்குள்
உடம்புச் சூட்டை அணைத்துவிட்டு
இதயத்தை ஏறக்குறைய நிறுத்தி வைத்து
செத்ததுபோல் ஒட்டிக் கிடப்பான்.
விடிந்ததும் உயிரை மூட்டிக்கொள்ள
ஒரு புதர் வைத்திருப்பான்.
அதற்குக் காவலும் அவனே,
படிவமில்லாமல்,
என்னைவிடக் கறாராக.

எந்தப் புதரில் வெட்டினாய் என்று கேட்டேன்.
வெள்ளையாக இருந்த ஒரு திசையைக் காட்டினாள்.
சேர்ந்தே போனோம்.
வெட்டுவாய்கள் இன்னும் ஈரமாக இருந்தன.
காற்று படாத பக்கம்
நாலைந்து கிளைகளைத் தொடாமல் விட்டிருந்தாள்;
ஒன்றில் பூ பாதி திறந்திருந்தது.
"மொட்டையடிக்க மாட்டேன்.
அடுத்த வருஷமும் வரணுமே" என்றாள்.
யாரிடம் சொல்கிறோம் என்பது
பிறகுதான் உறைத்தது அவளுக்கு.

அபராதம் இருபது டாலர்.
பதினொன்று இருந்தது, வாங்கிக்கொண்டேன்.

கட்டுகளை அவிழ்த்து
ஜன்னலுக்கு வெளியே ஒரு வாளி மணலில் நட்டேன்.
வேர் பிடிக்காது. தெரியும்.
நான்கு நாள் வந்தான்.
ஐந்தாம் நாள் பூக்கள்
பழைய துடைப்பத்தின் நிறத்துக்கு வந்திருந்தன.

'சாட்சிப்பொருளின் தற்போதைய நிலை'
என்ற கட்டத்தில்
'குடிக்கப்பட்டது' என்று எழுதி அனுப்பினேன்.

மேலிடத்திலிருந்து இன்னும் கேள்வி வரவில்லை.
சம்பளமும்.