பட்டன் மட்டும் ஊமை

லைற் எரிகிறது. ஹோன் கத்துகிறது.
ஸ்ராட்டர் பட்டன் மட்டும் ஊமை.
கிக் அடித்து அடித்துக் கணுக்கால் வீங்கிவிட்டது.
கல்லடிக் கடைகளுக்குப் போகவேண்டிய
பதினாறு தயிர்ச்சட்டி
பெட்டிக்குள் வேர்த்துக்கொண்டிருக்க
ஆரையம்பதி வெயில் ஏறுகிறது.

பற்றரி பன்னிரண்டு தசம் ஆறு. நல்லது.
பியூஸ் முழுசாய்க் கிடக்கிறது.
ரிலேயின் இரண்டு தலையையும்
திருப்புளியால் சேர்த்தேன்:
நீலப்பொறி, மோட்டர் சுழன்றது.
பிளக்கில் நெருப்பில்லை.
அப்போ குற்றம் நடுவிலேதான்,
சாவிக்கும் பட்டனுக்கும் நடுவில்.

சீற்றைக் கழற்றினேன்.
கறுப்பு வயர்களுக்குள் ஒரு சிவப்பு வயர்,
கொம்பனி போடாதது,
ரேப் சுற்றிச் சுற்றிப் பின்மட்காட்டுக்குள் இறங்கி
ஒரு குட்டிச் சுவிச்சில் முடிந்தது.
படுக்கையறை விளக்குக்குப் போடுவார்களே, அது.
முந்தநாள் மழைக்கோட்டைத் திணித்தபோது
தட்டுப்பட்டிருக்க வேணும்.

ஓட்டமாவடியில் விற்றவருக்குப் போன் எடுத்தேன்.
"அட, சொல்ல மறந்துட்டன் தங்கச்சி.
லீசிங்காரனுக்கு வெச்ச சுவிச்சி அது.
ரெண்டு தரம் தூக்க வந்தானுகள்,
உதைச்சுப் பாத்துட்டு உட்டுட்டுப் போனானுகள்."
சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
"கழட்டி எறிங்க" என்றார்.

தட்டினேன். ஒரே அழுத்தில் உறுமியது.
வெட்டி நேராய் முறுக்கினால்
ஐந்து நிமிட வேலை.

ஆனால் செவ்வாய்க்கிழமை
குழுக்கடன் தம்பி வருவான், கொப்பியோடு.
இரண்டு கிழமை பாக்கி.

புது ரேப் வாங்கி
இன்னும் இறுக்கமாய்ச் சுற்றினேன்.