நீலக் கிளி

அப்பளக் கட்டின் மேலட்டை ஒன்றை
என் மேஜையில் வைத்தார் தெய்வசிகாமணி.
"இந்தக் கலர்தாம்மா வேணும். ஒரு நூல் மாறக்கூடாது."

அட்டையில் கிளி.
நீலமாக இருந்தது.
அலகு வெளுத்து, சாப்பிடாத பிள்ளை மாதிரி.

திருமங்கலத்தில் மேற்குப் பார்த்த ஏதோ கடையின்
கண்ணாடிக்குள் இரண்டு கோடை உட்கார்ந்திருக்கும்.
வெயில் முதலில் மஞ்சளைத் தின்னும்.
பிறகு ரோஸை.
நீலத்தை மெல்ல முடியாமல் விட்டுவிடும்.
பெரியார் பஸ் ஸ்டாண்ட் சுவரில்
பழைய போஸ்டரில் கும்பிடுகிறவர்களுக்கெல்லாம்
முகம் நீலம் பாரித்திருப்பது அதனால்தான்.

கீழ் டிராயரைத் திறந்தேன்.
கறுப்பு உறைக்குள், வெளிச்சமே படாமல்,
ஒன்பது வருஷத்துக்கு முந்திய தாள்.
நல்ல கிளிப்பச்சை.
மூலையில் 'ஓகே', தேதி, அவர் கையெழுத்து.
"இது யாரு கிளி?" என்றார்.

நடுவில் நாலு தடவை வேறு பிரஸ்ஸில் அடித்திருக்கிறார்.
ஒவ்வொரு தடவையும் கடைவாசலில் தொங்கியதைப் பிய்த்து
மாதிரிக்குக் கொடுத்திருக்கிறார்.
அவர்களும் அச்சு அசலாக அடித்திருக்கிறார்கள்.
யார்மேலும் தப்பில்லை.

லைட் பாக்ஸில் இரண்டையும் பக்கத்தில் வைத்தேன்.
மீட்டர் இருபத்திமூன்று என்றது.
மூன்றைத் தாண்டினாலே மெஷினை நிறுத்தச் சொல்கிறவள் நான்.
டியூப்லைட்டில் பார்த்தோம்.
கேட்டுக்கு வெளியே கப்பலூர் வெயிலில் பார்த்தோம்.
"மீனாட்சி கையில இருக்கிறது பச்சைதானேய்யா?" என்றார்
மெஷின்மேன் லூர்து.
"அவளை யாரு வெயில்ல வெக்கிறா?"

பிறகு என்னைப் பார்த்துத் தணிந்து சொன்னார்:
"கையெழுத்து என்னுதுதாம்மா.
ஆனா கடைக்காரய்ங்களுக்கு இந்தக் கிளியத்தான் தெரியும்.
போன தடவை லேசா பச்சை தூக்கலா வந்துச்சு.
டூப்ளிகேட்டுன்னு நாப்பது பெட்டி திரும்பிருச்சு."

மஞ்சள் சாவிகளை ஒவ்வொன்றாகக் குறைத்தார் லூர்து.
மதியம் கரண்ட் போய் வந்தது.
தண்ணீரும் மையும் மறுபடி சமாதானமாக
நூற்றெழுபது தாள் வீண்.
ஐந்நூறுக்கு ஒரு தாள் உருவி,
துளைக்குள் கண்ணை வைத்துப் புள்ளி பார்த்து,
மீட்டர் வைத்து,
சாயங்காலத்துக்குள் என் கண்ணுக்குள்ளும்
நீலக் கிளிகள் அடைந்துவிட்டன.

முதல் தாளையும் பதினோராயிரமாவது தாளையும்
ஒன்றன்மேல் ஒன்று வைத்தேன்.
பூஜ்யம் புள்ளி எட்டு.
ஒரே முட்டையில் வந்தவை.

அவர் கையெழுத்துப் போட்டார்.
கடைசி எழுத்தின் வால் ஒன்பது வருஷம் முன்பு போலவே
வலப்பக்கம் சுழித்து ஏறியது.
அதை மட்டும் மீட்டர் வைக்காமலே ஒத்துக்கொண்டேன்.
தாளைப் பச்சைக் கிளியின் மேல் வைத்து
டிராயரைச் சாத்தினேன்.

மறுநாள் காலை வேன் கிளம்பும்போது
மேல் கட்டில் தார்ப்பாய் விலகியிருந்தது.
"அண்ணே, இழுத்து மூடுங்க!" என்று ஓடினேன்.

டிரைவர் தலையை வெளியே நீட்டி
வெள்ளையாகக் காய்ந்துகிடந்த வானத்தைப் பார்த்தார்.
"மழையாம்மா வருது?"