அங்கீகாரம் இல்லாத சிவப்பு

பியூட், மொன்டானா. ஜனவரி.
கதவு திறந்தால் முதலில் நுழைவது குளிர்,
அதற்குப் பின்னால்தான் வாடிக்கையாளர்.

டார்லீன் வுகோவிச் இழுவை லாரியில் முன்சீட்டில் வந்தாள்.
அவள் கார் பின்னால் கொக்கியில்.
மூன்றாம் கியர் தாண்டும்போதெல்லாம்
தூக்கத்தில் தடுக்கினவன்போல ஓர் உதறல்,
நேற்று சுரங்க மேட்டில்
இன்ஜின் கத்தியதாம், சக்கரம் காதில் வாங்கவில்லையாம்.

நான் சர்வீஸ் மேசைக்காரன். கேள்வி கேட்பது என் சம்பளம்.
கியர் ஆயில் மாற்றினீங்களா?
மாற்றினேன்.
எங்கே?
என் கராஜில். நானே.
எங்க கம்பெனி ஆயிலா?
பாதி விலை ஆயில்.

படிவத்தில் இந்த இடத்தில் ஒரு கட்டம் வரும்,
தபால்தலையைவிடச் சின்னது.
அதில் ஒரு டிக் போட்டால்
ஆறாயிரத்து இருநூறு டாலர்
மேசையின் என் பக்கத்திலிருந்து அவள் பக்கத்துக்குச்
சத்தமில்லாமல் நகர்ந்துபோகும்.

ரசீது இருக்கா?

இருந்தது. கையுறைப் பெட்டியில், நான்காய் மடித்து.
பிரித்தால் வெற்றுத் தாள்.
இரண்டு கோடை அதைப் படித்து முடித்துவிட்டிருந்தது.
ஜன்னலோரம் சாய்த்துப் பார்த்தோம், இரண்டு தலைகளும் ஒட்டி.
ஒரு ஏழு தெரிந்தது.
ஒன்றாகவும் இருக்கலாம் என்றேன்.
ஏழுதான் என்றாள்.

வேறு ஆயில் ஊற்றியதற்காக மட்டும் வாரண்டி செத்துப்போகாது.
அந்த ஆயில்தான் கெடுத்தது என்று
காட்ட வேண்டியது கம்பெனி.
இதைச் சொல்லக்கூடாது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.
சொல்லச் சொல்லியும் யாரும் சொன்னதில்லை.
பதினோரு வருஷமாய் அந்த இடைவெளியில்தான்
என் நாற்காலி கிடக்கிறது.

மதியம் டைரல் அடித்தட்டைக் கழற்றினான்.
கூப்பிட்டான். போனேன்.
சிவப்பில்லை, கருகலும் இல்லை,
ஸ்ட்ராபெரி மில்க்ஷேக், நுரையோடு.
தண்ணி, என்றான்.
ரேடியேட்டருக்குள் எங்கோ கசிந்து
கியர்பெட்டி மாதக்கணக்காய்க் குடித்திருக்கிறது.
அந்த ரேடியேட்டரை வைத்தது எங்கள் தொழிற்சாலை.
படிவமோ ஆயிலின் பேரைத்தான் கேட்கிறது.

மறுநாள் டார்லீன் ஒரு பால்கிரேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.
அதே ஆயிலின் ஆறு காலி பாட்டில்கள்,
காலி என்று சொல்லக்கூடாது, ஆறிலும் மணல்.
வீட்டு இறக்கத்தில் பனி உறையும்போது தூவ வைத்திருந்தாளாம்.
ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இரவு ஷிஃப்ட் முடித்த கை,
பாட்டிலைத் தலைகீழாய்ப் பிடித்து
அடியில் குத்தியிருந்த தொகுதி எண்ணைக் காட்டியது.
இது வெயிலில் அழியாது, என்றாள்.

பின் லேபிளில் எங்கள் தர எண்ணைப் போட்டு
'பொருந்தும்' என்றிருந்தது.
'அங்கீகரிக்கப்பட்டது' என்றில்லை.
பத்துப் பொருத்தமும் பார்த்தாயிற்று,
பெண் வீட்டார் மட்டும் இன்னும் தலையசைக்கவில்லை.

கட்டத்தை வெறுமையாய் விட்டேன்.
கீழே 'இதர குறிப்புகள்' இடத்தில்,
பேனா இரண்டு முறை உறைந்து, எழுதினேன்:
ரேடியேட்டரைப் பாருங்கள். மாதிரி, படம் இணைப்பில்.
என் பெயர். தேதி.
மேனேஜர் படித்தார். என்னைப் பார்த்தார். காப்பி எடுக்கப் போனார்.

மூன்று வாரம் கழித்துப் பதில்.
பாகங்கள் முழுதும், கூலியில் பாதி,
'நல்லெண்ண அடிப்படையில்'.
தவறு எங்களுடையது என்று எந்த வரியிலும் இல்லை.
நல்லெண்ணத்துக்கும் நல்லெண்ணெய்க்கும்
எழுத்தில் எவ்வளவு கொஞ்ச தூரம்.
அந்தத் தூரத்துக்கு அவள் கட்டியது
ஆயிரத்து நூற்று நாற்பது டாலர், இரண்டு கார்டில் பிரித்து.

நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?
சாவியை வாங்கிக்கொண்டு வாசலில் நின்றவள்
ஒரு பாட்டிலைத் திறந்து
எங்கள் படியில் மணலைக் கொட்டினாள்.
வழுக்குது உங்க படி, என்றாள்.

பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.
மூடியின் மரைகளில்
இன்னும் கொஞ்சம் சிவப்பு.