இரண்டு புள்ளி

குலசேகரத்தில் மழை விட்ட காலைகளில்
அமோனியா வாசம் எனக்கு முன்னால் கடைக்கு வந்துவிடும்.
பால் கேன்கள் வரிசையில் நிற்கும்.
ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து
ஆசிட் விட்டு, திரண்டதைத் தட்டி, ஓவனில் வைப்பேன்.
வெள்ளை போய்த் தேன்நிறம் வந்தபின்
தராசில் ஏற்றினால்
எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று தெரிந்துவிடும்.
தராசு சொன்னதைப் பச்சை அட்டை நோட்டில் எழுதுவேன்.
அதில் இரண்டைக் கழித்துச்
சிவப்பு அட்டைப் பேரேட்டில் எழுதுவேன்.
ரசீது சிவப்பைப் பார்த்துக் கிழிப்பது.

ஆறு வருஷம்.

"கழிவு உண்டும்லா பிள்ளே" என்றார்
றசல்ராஜ் முதலாளி, முதல் நாளே.
"வண்டியில ஒட்டும், டிரம்மில ஒட்டும்,
அத நமக்கு யாரு தருவா?"
ஆடிட்டர் சிவப்பை மட்டும் புரட்டினார்.
இரு தரப்புக் கையெழுத்தும் இருக்கிறது,
வரி கட்டியாச்சு, புகார் இல்லை,
சட்டப்படி சுத்தம் என்று டீயை முடித்தார்.
பச்சை நோட்டை மேஜைக்குள் தள்ளினேன்.
தள்ளச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

நூற்றிருபது மரம் வெட்டுகிற சிசிலிபாய்க்கு
நாளுக்கு இருபது கிலோ பால்.
இரண்டு புள்ளி என்றால் நானூறு கிராம் ரப்பர்,
எழுபது ரூபாய்க்கு மேலே.
பி.காமில் வணிகச் சட்டம், எழுபத்தொன்பது மார்க் எனக்கு.
நன்னம்பிக்கை என்றால் என்ன,
உதாரணத்துடன் விளக்குக. எழுதினேன்.
என்ன உதாரணம் என்றுதான் ஞாபகமில்லை.

புரட்டாசியில் கம்பெனி லாரி
எங்கள் முப்பத்திநாலை
முப்பத்திரண்டு என்று வைத்துப் பணம் போட்டது.
முதலாளி கொதித்தார்.
"பகல்கொள்ளை இல்லியா இது?
அளவில கைவைக்கியவன் சோத்தில கைவைக்கியான்!"
அதே கேபின். அதே வாய்.
நான் ஸ்டேப்ளருக்குப் பின் போட்டுக்கொண்டிருந்தேன்.

குழித்துறையில் வக்கீல் டென்னிசன்
ஃபேனுக்குக் கீழே இரண்டு நோட்டையும் விரித்தார்.
ரொம்ப நேரம் பேசவில்லை.
"எதக் கோர்ட்டில போட?
சிவப்பப் போட்டா, நீங்க வாங்கினதும் முப்பத்திரண்டு,
அவன் தந்ததும் முப்பத்திரண்டு. வழக்கே இல்ல.
பச்சையப் போட்டா வழக்கு உண்டு.
பின்னாலேயே உங்க மேல நூத்திநாப்பது பேரு வருவாங்க."
இரண்டு பக்கத்தையும் ஒட்டிப் பிடித்து,
"ரெண்டும் ஒரே கையெழுத்து, இல்லியா?" என்று
என்னைப் பார்த்தார்.

திருவட்டாறு தாண்டும்வரை காரில் பேச்சில்லை.
பிறகு மெல்ல, ஏறக்குறைய பாசமாக:
"மூணாவதா ஒண்ணு எழுதிரு பிள்ளே.
ஒரு ராத்திரி வேலைதான்."
என் தங்கச்சி கல்யாணத்துக்கு
வட்டியில்லாமல் ஒன்றரை லட்சம் தந்தவர்.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நீல அட்டை நோட்டு.
முதல் வரியிலேயே பேனா நின்றது என்றால் பொய்.
நாலு பக்கம் எழுதினேன், பழைய தேதிகளைப் போட்டு,
மை ஒரே மாதிரி இருக்கக்கூடாதென்று பேனா மாற்றி மாற்றி.
ஐந்தாம் பக்கத்தில் சிசிலிபாய் வந்தாள்.
தராசுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, நீதிபதிக்கு ஒன்று.
ஒரே கரண்டிப் பால்தான்.
மணி இரண்டேகால். மூடிவைத்தேன்.

காலையில்
முந்தின நாள் பாலுக்கு ரசீது கிழித்தேன்.
சிசிலிபாய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.
"முப்பத்திநாலா? தப்பிப்போச்சோ பிள்ளே,
ஒருக்கா பாரு."
தப்பில்லை என்றேன்.
அவள் ரசீதை என் பக்கமே நீட்டினாள்.
"கூட எழுதி
உனக்க வேலை போயிரப்பிடாது."

வாங்கிக்கொள்ளவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை.
ஆறு வருஷத்து எழுபது ரூபாய்கள்
எத்தனை என்று மனசு பெருக்கத் தொடங்கி
பாதியில் விட்டது.

நேர்மையா, கோர்ட்டுப் பயமா, எனக்குத் தெரியாது.
கேபின் கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே போன் அடிக்கிறது.
பச்சை நோட்டு இன்று மேஜைமேல் கிடக்கிறது.
அடுத்த கேனில் கரண்டியை விட்டேன்.